மவுஸ் தடுமாறும்போது மணிமேகலை

வயர்லெஸ் மவுஸ் திக்கத் தொடங்கியதும் எல்லா வீடுகளிலும் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். மவுஸைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டுவார்கள். பேட்டரியைக் கழற்றித் துடைத்து மாட்டுவார்கள். ரிசீவரைப் பிடுங்கி வேறொரு போர்ட்டில் செருகுவார்கள். கடைசியில் கணினியையே அணைத்துப் போடுவார்கள். அதன்பின் அம்புக்குறி ஒழுங்காக நகரும். எதனால் சரியாயிற்று என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

பழுது நீங்குவது வேறு. பழுதின் காரணத்தை அறிவது வேறு. கண்ணால் காண முடியாத ஒன்றை அறிந்துவிட்டோம் என்று எப்போது சொல்லலாம்? இந்தியத் தத்துவ மரபுகள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட கேள்வி இது.

தமிழில் அந்த வாதம் மணிமேகலைக் காப்பியத்திலேயே இருக்கிறது. வஞ்சி நகரில் பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையை மணிமேகலை கேட்டறியும் 27ஆவது காதையில், அறிவு பெறும் வழிகளாகப் பத்து அளவைகள் சொல்லப்படுகின்றன. காண்டல் முதலாவது. ஒன்றைக்கொண்டு இன்னொன்றை ஊகிக்கும் கருதல் அடுத்தது. ஒன்று இல்லாததை உணர்வது அபாவம். 'இந்த மரத்தில் பேய் இருக்கிறது' என்று ஊர் சொல்வதை ஏற்பது ஐதிகம். அதே காதையில் வரும் பூதவாதி, காண்டலைத் தவிர வேறெதையும் ஏற்க மறுக்கிறான். அப்படியானால் உன் தாய் தந்தையரைக் கருதலால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை திருப்பிக் கேட்கிறாள்.

ரேடியோ அலை விஷயத்தில் பூதவாதியின் வழி தொடக்கத்திலேயே அடைபட்டுவிடுகிறது. வயர்லெஸ் மவுஸும் கீபோர்டும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த அலையை யாரும் பார்த்ததில்லை. வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டிருப்பதும் அதே இடத்தில்தான். ஆகவே பழி போடுவதற்கு ஆள் பஞ்சமில்லை. 'வைஃபைதான் காரணம்' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். 'அடுப்புதான்' என்பார் இன்னொருவர். சில மேசைகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் சோதித்துப் பார்க்கும்வரை, மரத்துப் பேயைப் போல அதுவும் ஐதிகம்தான்.

பலரும் சந்தேகிக்காத ஒரு காரணத்தை எடுத்துக்கொள்ளலாம். கேபினெட்டின் பின்புறத்தில் நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டுகள் இரண்டு அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றில் கட்டைவிரல் நகமளவு ரிசீவர். ஒட்டினாற்போல் மற்றதில் வெளி ஹார்டு டிஸ்க். குடும்பப் படங்களை டிஸ்க்குக்கு நகலெடுக்கத் தொடங்கியதும் மவுஸ் தவ்வித் தவ்விப் போகிறது. கீபோர்டில் அடித்த எழுத்துகளில் ஒன்றிரண்டு விழுவதே இல்லை. நகலெடுப்பு முடிந்ததும் எல்லாம் சீராகிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து யாராவது பேட்டரியை மாற்றியிருந்தால், பழைய பேட்டரிதான் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. மணிமேகலையின் ஆசான் அறவண அடிகள் 29ஆவது காதையில் அவளுக்குக் கற்பிக்கும் பாடத்தில் பெரும்பகுதி இத்தகைய போலிக் காரணங்களை இனங்காண்பது பற்றியதுதான். காரணம் போலத் தோன்றும் எல்லாமே காரணம் ஆகிவிடாது என்பதை அவ்வளவு நுணுக்கமாக வகைப்படுத்த வேண்டியிருந்தது, மனிதர் அந்தத் தவற்றை அவ்வளவு எளிதில் செய்வதால்தான்.

இங்கே உண்மையில் நடப்பதை இன்டெல் நிறுவனம் 2012இல் ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. யூஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் பாய்கிறது. அந்த வேகத்தில் பிறக்கும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியையும் மூடிப் பரவுகிறது. டிஸ்க்கை இணைத்தபோது அந்தப் பகுதியில் இரைச்சல் ஏறக்குறைய 20 டெசிபெல், அதாவது திறனில் நூறு மடங்கு, கூடியதாக அந்த அறிக்கையின் அளவீடு காட்டியது. புளூடூத் தன் 79 தடங்களுக்குள் விநாடிக்கு 1,600 முறை தாவக்கூடியது. வைஃபை ஒரு பகுதியை அடைத்துக்கொண்டால் மிச்சப் பகுதியில் ஒதுங்கிக்கொள்ளும். இரைச்சல் அலைவரிசை முழுவதையும் நிறைக்கும்போது ஒதுங்க இடமில்லை.

அறிக்கை சொல்கிறது என்பதற்காக, தம் வீட்டு மேசையிலும் இதுதான் காரணம் என்று ஒருவர் முடிவுகட்டிவிட முடியாது. நியாயம் எனும் தத்துவ மரபு இங்கே இரண்டு படிகளை வைக்கிறது. இது இருக்கும்போது அது இருக்கிறதா என்று பார்ப்பது அன்வயம். இது இல்லாதபோது அதுவும் இல்லாமற்போகிறதா என்று பார்ப்பது வியதிரேகம். டிஸ்க்கைக் கழற்றியதும் மவுஸ் ஒழுங்காக ஓடினால் பாதி வேலை முடிந்தது. மறுபடி செருகி நகலெடுக்கும்போது தடுமாற்றம் திரும்பி வர வேண்டும். சரியாகிவிட்ட ஒன்றை வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்கும் இந்தப் படியைத்தான் அநேகமாக எல்லோரும் தவிர்க்கிறார்கள். அறிவு கிடைப்பது இந்தப் படியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதும் இதனால்தான்; பேட்டரி, போர்ட், டிஸ்க் மூன்றையும் ஒன்றாக மாற்றியவருக்கு மவுஸ் கிடைக்கும், விடை கிடைக்காது.

இதற்கும் அப்பால் நியாய மரபினரான நையாயிகர்கள் ஒரு கேள்வி வைத்திருந்தார்கள். புகை இருந்தால் நெருப்பு உண்டு. நெருப்பு இருந்தால் புகை உண்டா? பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை இல்லை. புகைக்கு நெருப்பு மட்டும் போதாது, ஈர விறகும் வேண்டும். மறைந்திருக்கும் இந்த நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். ஹார்டு டிஸ்க்குக்கும் இது அப்படியே பொருந்துகிறது. அதே டிஸ்க்கைக் கறுப்பு நிற யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் வேகம் 480 மெகாபிட்டுக்கு இறங்குகிறது. மவுஸ் பெரும்பாலும் தடுமாறுவதில்லை. டிஸ்க் அங்கேயே இருக்க, ரிசீவரை மட்டும் ஓர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் மேசைமேல் கொண்டுவந்தாலும் தொல்லை தீர்கிறது. ஆக, டிஸ்க் தனியாகக் காரணமல்ல. வேகமும் நெருக்கமும் அதனுடன் சேர வேண்டும். இதை அறிந்தவர் நல்ல டிஸ்க்கைத் தூக்கி எறியமாட்டார்.

எல்லா உபாதிகளையும் சோதித்து முடித்தவர் எவருமில்லையே, பிறகு எந்த ஊகத்தை நம்புவது என்பது, காண்டலை மட்டும் ஏற்கும் சார்வாகரின் பழைய ஆட்சேபம். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பழைய பேட்டரியும் இரும்புக் கேபினெட்டும்கூட ஒரே நேரத்தில் சேர்ந்து தொல்லை தரக்கூடும். நையாயிகரான உதயனர் இதற்குத் தந்த பதில் இன்றும் வலுவானது: ஐயம், ஒருவரது செயலோடு முரண்படும் இடத்தில் நின்றுவிட வேண்டும். புகை வேண்டுமென்றால் தயங்காமல் நெருப்பு மூட்டுகிறவர், நெருப்புக்கும் புகைக்கும் தொடர்பு உண்டா என்று வாயளவில் ஐயப்படுவதில் பொருளில்லை. நினைத்தபோது தடுமாற்றத்தை வரவழைக்கவும் நிறுத்தவும் முடிகிறவர், அந்த மேசையைப் பொறுத்தவரை காரணத்தை அறிந்தவரே.

அவர் அதை அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்வார். சொல்வது நல்லதும்கூட. அப்போது முடிவை மட்டும் சொல்லாமல், டிஸ்க்கைக் கழற்றியும் செருகியும், கறுப்பு போர்ட்டுக்கு மாற்றியும் பார்த்த சோதனையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்டவர் தம் மேசையில் அதைச் செய்து பார்க்கலாம்; அங்கே குற்றவாளி வேறாக இருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.