ஆனைக்கு ஓடியவனும் அழுகிற பிள்ளையும்

இரவில் அழுகிற கைக்குழந்தையை உடனே தூக்கிவிட வேண்டுமா, கொஞ்சம் அழவிட்டுப் பார்க்கலாமா என்பது பிள்ளை வளர்ப்பு பற்றிய கேள்வி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அது சரணாகதி பற்றிய கேள்வி. வைணவ ஆசாரியர்கள் தலைமுறை தலைமுறையாக வாதாடிய அதே கேள்வி இப்போது எங்கள் வீட்டில் நடுச்சாமத்தில் எழுகிறது.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வடபத்ரசாயி கோயில் கோபுரம் தெரிகிற தெருவில் இருக்கிறது. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பேத்திக்கு மூன்றாம் மாதம் நடக்கிறது. நான் ஆர்.எம்.எஸ்.ஸில் இருந்தவன். ஓடுகிற ரயிலில் ராத்திரி முழுக்கத் தபால் பிரித்துப் பழகிய உடம்பு, ஓய்வு பெற்ற பிறகும் சீக்கிரம் தூங்க மாட்டேன் என்கிறது. அதனால் முன்னிரவுக் காவல் என்னுடையது. பசிக்கு அழுதால் மகளிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். மற்ற அழுகையெல்லாம் என் தோளில்தான் அடங்க வேண்டும். பின்னிரவை மனைவி பார்த்துக்கொள்கிறாள்.

"அப்பா, தூக்கித் தூக்கி நாமளே கெடுக்கிறோமோ?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். ஓசூரிலிருந்து மாப்பிள்ளை எதையோ படித்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்: அழவிட்டால் நாலைந்து நாளில் தானே தூங்கப் பழகிவிடுமாம். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் அதே கட்சி. கைச்சூடு கண்ட பிள்ளை கீழே இறங்காது என்பார். இரண்டு பேருமே பிள்ளைமேல் பிரியமுள்ளவர்கள். அதனால் இந்தக் கேள்வியை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

ஆசாரியர்களின் வாதத்தில் வரும் குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்கிறது. தாய் மரத்துக்கு மரம் தாவும்போது பிடியை விட்டால் விழவேண்டியதுதான். பூனைக்குட்டி எதையும் பற்றுவதில்லை. தாய் வந்து கழுத்தைக் கவ்வித் தூக்கிப் போகிறது. உயிர் கடவுளை அடைவது இதில் எந்த வகை? 1268இல் காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகரை வழிகாட்டியாகக் கொண்ட வடகலையார், உயிரின் பக்கத்திலிருந்து சிறிதளவாவது ஒரு செயல் வேண்டும், அருளுக்கு அது ஒரு வியாஜமாக, வெறும் சாக்காக இருந்தால் போதும் என்றார்கள். பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றிய தென்கலையார், அருள் காரணம் பார்த்து வருவதில்லை, உயிர் விலக்காமல் இருந்தாலே போதும் என்றார்கள். சிறுவயதில் திண்ணைப் பேச்சில் இதைக் கேட்டபோது வெறும் வித்வத் சண்டையாகத்தான் எனக்குப் பட்டது. தோளில் ஒரு பிள்ளையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிற இந்த வயதில்தான், இரு தரப்பும் எதைக் காக்க அவ்வளவு பாடுபட்டார்கள் என்பது விளங்குகிறது.

பிறந்த குழந்தைக்கு இரவும் இல்லை, பகலும் இல்லை. ஒரு நாளில் பதினான்கு முதல் பதினேழு மணி நேரம் வரை தூங்கும், ஆனால் துண்டு துண்டாக. உடம்பின் கடிகாரம் ஓரளவு அமையவே இரண்டு மூன்று மாதம் ஆகிறது. அதுவரை தூக்கத்துக்கான மெலடோனின் என்ற சுரப்பு குழந்தையின் உடம்பில் போதிய அளவு ஊறுவதில்லை. தாயின் இரவுப் பாலில் அது இருக்கிறது, பகல் பாலில் அநேகமாக இல்லை. இருட்டிவிட்டது என்ற செய்தியே பிள்ளைக்குத் தாய் வழியாகத்தான் போய்ச் சேருகிறது. இப்படிப்பட்ட ஓர் உயிரிடம் போய், நீயாகத் தூங்கு, உன் பங்குக்கு ஏதாவது செய் என்று எப்படிச் சொல்வது? ஆசாரியர்கள் பாரதந்திரியம் என்பார்கள், முழுக்க முழுக்கப் பிறரைச் சார்ந்திருக்கும் தன்மை. அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் கண்டதில்லை. தூக்க வைப்பதற்கான உபாயம் என்று எண்ணி அவள் அழவில்லை. அவளுடைய நிலைமையே அழுகையாக வெளிப்படுகிறது.

முதலையிடம் சிக்கிப் பெருமாளைக் கூப்பிட்ட ஆனை கஜேந்திரனின் கதையில் எனக்குப் பிடித்த இடம் முதலை செத்த இடமல்ல. பராசர பட்டர் ரங்கராஜ ஸ்தவத்தில் அந்த நேரத்து வைகுண்டத்தைக் காட்டுகிறார். ஆனை பிளிறியது காதில் விழுந்ததும் பெருமாள் எழுந்துவிடுகிறார். அவருடைய படைத்தலைவர் சேனைமுதலியார் கை நீட்டுகிறார், அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. பாதுகையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், போட்டுக்கொள்ளவில்லை. என்னவோ ஏதோ என்று அந்தப்புரமே கலங்குகிறது. அலங்காரம்கூடச் செய்யாத கருடன்மேல் ஏறிப் போய்விடுகிறார். பட்டர் கும்பிடுவது வேறெதையும் அல்ல, அந்த அவசரத்தைத்தான். சக்கரத்தை இருந்த இடத்திலிருந்தே ஏவியிருக்கலாம். முதலைக்கு அது போதும். ஆனால் கூப்பிட்டவன் கண்முன்னால் போய் நிற்காமல் அவரால் இருக்க முடியவில்லை. நடுச்சாமத்தில் செருப்பைக்கூடத் தேடாமல் தொட்டிலுக்கு ஓடுகிற எவருக்கும் இந்தக் காட்சிக்கு விளக்கவுரை வேண்டாம்.

மாப்பிள்ளை சொன்ன பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேச எனக்கு விருப்பமில்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபெர்பர் என்ற குழந்தை மருத்துவர் 1985இல் எழுதிய புத்தகம் இந்த முறையைப் பரப்பியது. அவரும் பச்சைக் குழந்தையைச் சொல்லவில்லை. சில மாதங்கள் கழிந்த பிள்ளையை, கொஞ்சம் விட்டு, போய்த் தேற்றி, பிறகு இன்னும் கொஞ்சம் விட்டுப் பழக்கச் சொன்னார். ஆஸ்திரேலியாவில் இதுபோல் பழக்கப்பட்ட பிள்ளைகளை ஆறு வயதில் மறுபடி பார்த்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். நீடித்த கெடுதல் ஒன்றும் தென்படவில்லை. நீடித்த நன்மையும் இல்லை. பழக்கியவர்கள் எல்லோரையும் கல்நெஞ்சர்கள் என்று ஏசுவதற்கு இனி இடமில்லை.

எனக்கு உண்மையான கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தழும்பு விழவில்லை என்றால் கடனும் இல்லை என்றாகிவிடுமா? சாகக் கிடக்கும் கிழவர் தண்ணீர் கேட்கிறார். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் விடிவதற்குள் அவர் போய்விடுவார், ஆறு வருடம் கழித்து அளந்து பார்க்க எதுவும் மிஞ்சாது. அதற்காக நாம் கொடுக்காமல் இருப்போமா? பின்னால் என்ன விளையும் என்று கணக்குப் பார்த்துச் செய்கிற காரியங்கள் உண்டு. கேட்டது ஓர் உயிர் என்பதற்காகவே செய்கிற காரியங்களும் உண்டு. இரவில் பிள்ளையின் குரலுக்குப் போவதை நான் இரண்டாம் வகையில் வைக்கிறேன். நாளைக்கு அவள் நல்ல பிள்ளையாக வளரவேண்டும் என்பதற்காகப் போவதில்லை. இப்போது கூப்பிடுகிறாள், அதனால் போகிறேன்.

ஆனால் போவது வேறு, தூக்குவது வேறு. கைக்குழந்தையின் தூக்கத்தில் பாதியளவு அசைவும் சத்தமும் நிறைந்த தூக்கம். கண் இமைக்குள்ளே உருளும், முகம் கோணும், முனகும், சில நேரம் இரண்டு அழுகை அழுதுவிட்டு மறுபடி அடங்கிவிடும். சிரித்தால் சாமி பூ காட்டுகிறது என்பார் என் அம்மா, அழுதால் நரி விரட்டுகிறது என்பார். அந்த நேரத்தில் பிள்ளையைத் தொடவே விடமாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். நானும் அப்படித்தான் செய்கிறேன். உடனே போகிறேன், குனிந்து பார்க்கிறேன், கண் திறந்திருக்கிறதா, கை வாய்க்குப் போகிறதா என்று கவனிக்கிறேன். தூங்குகிற பிள்ளையைப் பதற்றத்தில் வாரி எடுத்து முழுக்க எழுப்பிவிட்டால் அந்தப் பதற்றம் நம்முடையது, பிள்ளையின் தேவை அல்ல. பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பதுதான் இதில் கடினமான பகுதி.

எங்கள் ஊர் பெரியாழ்வார் ஊர். துளசித் தோட்டத்தில் கிடந்த பெண் குழந்தையை எடுத்து வளர்த்தவர் அவர். அந்தக் குழந்தைதான் ஆண்டாள். கண்ணனுக்கு யசோதையின் வாயால் அவர் பாடிய தாலாட்டு பத்துப் பாசுரம். செங்கீரை, சப்பாணி, அம்புலி என்று பிள்ளைப் பருவத்தை ஒவ்வொன்றாகப் பாடினார். பின்னால் வந்த பிள்ளைத்தமிழுக்கு அவர் முன்னோடி. ஆனால் இலக்கியப் பெருமையைவிட அவருடைய பரிவுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கருடன்மேல் வந்து காட்சி கொடுத்த பெருமாளிடம் அவர் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. இந்த அழகுக்குக் கண் பட்டுவிடுமே என்று பயந்து, உலகத்தைக் காக்கிறவனுக்கே காப்புச் சொல்லிப் பல்லாண்டு பாடினார். அந்தப் பொங்கும் பரிவுக்காகத்தான் அவர் பெரிய ஆழ்வார் ஆனார் என்பது சம்பிரதாயம். இவனுக்குக் காவல் தேவையா, அதிகம் கொஞ்சினால் கெட்டுப்போவானா என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. பேத்தி சீராக மூச்சுவிட்டுத் தூங்கும்போதும் குனிந்து மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். அவசியமில்லை என்று எனக்குத் தெரியும். பெரியாழ்வாரின் பயம் எப்படிப்பட்டது என்று அந்த நொடியில் எனக்குக் கொஞ்சம் தெரிகிறது.

பெற்றவளை இந்தப் பேச்சில் மறந்துவிடக் கூடாது. பெருமாள் களைப்பதில்லை, என் மகள் களைத்துப்போகிறாள். கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடு என்று தனியாக இருக்கும் ஒருத்திக்கு உபதேசம் செய்வது கொடுமை. அழவிடும் முறை தனிக்குடித்தனங்களில் ஏன் இவ்வளவு பரவியது என்று எனக்குப் புரிகிறது. இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில், காலையில் வேலைக்கும் போகவேண்டிய நிலையில், அந்தத் தாயும் அழுகிற ஓர் உயிர்தான். அவள் குரலுக்கு யார் ஓடுவது? ஊர் எதிர்பார்ப்பு வேறு அவளை அழுத்துகிறது. இரவு முழுக்கத் தூங்குகிறதா என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். 1957இல் இங்கிலாந்தில் இதை ஆராய்ந்த மூரும் உக்கோவும் நள்ளிரவிலிருந்து அதிகாலை ஐந்து வரை எழுப்பாமல் இருந்தாலே இரவு முழுக்கத் தூங்கிய கணக்கில் சேர்த்தார்கள். ஐந்தே மணி நேரம்! அதை மகளிடம் சொன்னபோது அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்கவேண்டும்.

அப்படியானால் குரங்குக்குட்டிக்கு இடமே இல்லையா? இருக்கிறது, ஆனால் முறைப்படி பின்னால்தான் வரவேண்டும். டொனால்ட் வினிகாட் என்ற இங்கிலாந்துக் குழந்தை மருத்துவர் 1958இல் ஒரு கட்டுரையில், தனியாக இருக்கும் திறன் தனிமையில் வளர்வதில்லை என்று விளக்கினார். தாய் அருகில் இருக்க, தொந்தரவில்லாமல் தன்பாட்டில் கிடந்த பிள்ளைக்குத்தான் அது வாய்க்கிறது. பற்றிக்கொள்ளத் தாயின் வயிறு இருந்தால்தானே குரங்குக்குட்டி பற்ற முடியும்? கவ்வித் தூக்கப்பட்ட உயிருக்கே பற்றத் தெரியும் என்று நான் நினைக்கிறேன். தேசிகர் சொன்ன அந்தச் சிறு வியாஜத்தையும் இங்கே காண்கிறேன். இந்த வாரம் பேத்தி ஒன்றிரண்டு முறை விழித்தாள், என் முகத்தைப் பார்த்தாள், முஷ்டியைச் சப்பினாள், நான் தூக்குவதற்குள் கண்ணை மூடிவிட்டாள். யாரும் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

வடபத்ரசாயி கதையை இந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பிரளய வெள்ளத்தில் ஆலிலைமேல் ஒரு குழந்தை, கால்விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு கிடக்கிறது. பக்கத்தில் யாருமில்லை. மார்க்கண்டேயர் அதன் வயிற்றுக்குள்ளே போய்ப் பார்த்தால் உலகம் அனைத்தும் அங்கே பத்திரமாக இருக்கிறது. தாலாட்ட ஆளில்லாமல் தனியே நிம்மதியாகக் கிடக்க முடிந்தது அந்த ஒரு பிள்ளைக்குத்தான். மற்ற பிள்ளைகளிடம் அதை எதிர்பார்ப்பது நம் தரப்பில் தவறான கணக்கு.

காரியத்தில் நாங்கள் செய்வது மிக எளிது. விளக்கைத் தணிக்கிறோம், இரவில் அவளிடம் அதிகம் பேச்சுக் கொடுப்பதில்லை. அழுதால் தோளில் போட்டு நிற்காமல் ஐந்து நிமிடம் நடை, தூங்கிய பிறகு உட்கார்ந்து இன்னும் ஐந்தெட்டு நிமிடம் மடியில் வைத்திருந்து அதன்பின் கீழே விடுவது. ஜப்பானில் குமி குரோடாவின் குழு 2022இல் சோதித்துச் சொன்னது இது. உடனே கீழே விட்டால் நம் உடம்பைவிட்டுப் பிரிகிற அந்த நேரத்திலேயே பிள்ளை விழித்துக்கொள்ளக்கூடும். மனைவியின் பழைய சேலையில் தூளி கட்டியிருக்கிறோம். அது பகலில் ஆள் பக்கத்திலிருந்து ஆட்டுவதற்கு மட்டும். இரவில் கெட்டியான, சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்கிறோம், தலையணையோ துணி மூட்டையோ பக்கத்தில் இல்லை. அமெரிக்காவில் 1994இல் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லி இயக்கம் நடத்திய பிறகு, தூக்கத்தில் காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பது பாதியளவு குறைந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு இதில் உடன்பாடில்லை, தலை தட்டையாகிவிடும் என்கிறார். இந்த ஒன்றில் மட்டும் நான் அவருக்கு விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஐந்தாம் மாதம் மகள் ஓசூர் போகிறாள். அங்கே இரவுக்கு இரண்டே பேர். மாப்பிள்ளையிடம் போனில் நேரடியாகவே சொன்னேன்: "மாப்பிள்ளை, அழவிடணுமா வேண்டாமான்னு அப்புறம் பேசிக்கலாம். முன்னிரவு யாருதுன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தன்னுடையது என்றார். தோளில் எப்படிப் போடுவது, எவ்வளவு நேரம் நடப்பது என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார். வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் வருகிறார். சனிக்கிழமை முன்னிரவு அவர் முறை என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது.