சேராத திரவங்கள்

செம்பும் ஈயமும் ஆயிரம் டிகிரிக்கு மேல் உருகிக் கிடக்கையில் எந்த அளவில் சேர்த்தாலும் ஒரே திரவம்தான். பாதிக்குப் பாதி சேர்த்துச் சூட்டைச் சற்றுத் தணித்தால் அது இரண்டாகப் பிரிகிறது. எதுவும் இன்னும் உறையவில்லை. செம்பு மிகுந்த திரவம் ஒன்று, ஈயம் மிகுந்த திரவம் ஒன்று. கோயில் கண்ணாடி விளக்கில் தண்ணீருக்கு மேலே எண்ணெய் நிற்பதைப் போலத்தான். ஆனாலும் உலோகத்துக்குள் இப்படி நடக்கிறது என்பதை மனம் ஏற்கக் கொஞ்சம் நேரமாகிறது.

சூடு கலக்க வைக்கிறது. குளிரும்போது, தன் இனத்து அணுவின் பக்கத்திலேயே இருக்க விரும்பும் இயல்பு மேலோங்குகிறது. இதை மனிதர்களுக்குப் பொருத்திச் சொல்ல ஆசை வரும். நான் பொருத்தவில்லை.

*

தென்னிந்திய வெண்கலத் திருமேனிகள் பலவற்றில் ஈயம் இருப்பதைச் சாரதா சீனிவாசனின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உறைந்த செம்பில் வெள்ளீயம் கரைந்து நிற்கிறது, ஈயம் கரைவதில்லை. உருவம் கெட்டிப்பட்ட பிறகும் உள்ளே ஈயம் சின்னச் சின்னத் துளிகளாக உருகியபடியே இருக்கிறது. ஏறத்தாழ 327 டிகிரிக்கு இறங்கினால்தான் அதுவும் உறையும். வார்ப்பு சுருங்கும்போது விழுகிற நுண்ணிய இடைவெளிகளைக் கடைசிவரை ஓடி நிரப்புவது அந்தத் துளிகள்தான். கரைந்துபோயிருந்தால் இந்த வேலையைச் செய்ய ஈயம் அங்கே இருந்திருக்காது.

தகட்டுக்கு இது ஆகாது. அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளைத் திருமலையில் செப்பேடுகளில் வெட்டி வைத்தார்கள். அப்படிப்பட்ட ஏட்டுக்காகக் காய்ச்சி அடிக்க வேண்டிய செம்பில் ஈயத்துளிகள் இருந்தால் அவை முதலில் உருகும். சம்மட்டி விழும் இடத்தில் விரிசல் ஓடும். வார்ப்புக்கு நல்லது, அடிப்புக்குக் கேடு.

*

திருப்பதியை ஒட்டிய காரகம்பாடியில் பேட்டரித் தொழிற்சாலை இருப்பதால், ஈயம் இந்தப் பக்கத்துக்கு அன்றாடப் பொருள். ஈயத்திலிருந்து வெள்ளியைப் பிரிக்க 1850இல் அலெக்சாண்டர் பார்க்ஸ் கண்ட வழியும் திரவங்களின் சேராமையை நம்பியதே. உருகிய ஈயத்தில் துத்தநாகம் போட்டால் வெள்ளி ஈயத்தை விட்டுத் துத்தநாகத்தோடு போய்விடும். துத்தநாகம் ஈயத்தோடு சேராமல் மேலே ஏடாக மிதக்கும். ஏட்டை வழித்தெடுத்தால் வெள்ளியும் அதோடு வந்துவிடும்.

*

1960இல் கலிஃபோர்னியாவில் போல் டூவெஸ் குழுவினர் உருகிய தங்கம்-சிலிக்கான் கலவையை நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற கணக்கில் குளிர வைத்தார்கள். அணுக்கள் வரிசையில் நிற்க நேரம் கிடைக்கவில்லை. திரவத்தின் ஒழுங்கின்மை அப்படியே திடமானது: உலோகக் கண்ணாடி. பின்னால் வந்தவர்கள் நிக்கல்-நியோபியம்-இட்ரியம் கலவையை எடுத்தார்கள். நியோபியமும் இட்ரியமும் ஒட்டாதவை. திரவம் பிரிந்துகொண்டிருக்கும்போதே உறைய வைத்தால், ஒரு கண்ணாடிக்குள் இன்னொரு கண்ணாடி கிடைக்கிறது. பிரிதலின் ஒரு கணத்தைக் கையில் எடுத்துப் பார்க்க முடிகிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

*

ஸ்ரீஹரிகோட்டா 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து 2007 ஜனவரி 10ஆம் தேதி பி.எஸ்.எல்.வி. சி-7இல் சென்ற எஸ்.ஆர்.இ.-1 கலம் சுமார் 550 கிலோ எடை. அதனுள் ஒரு சிறு உலை இருந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சோதனைக்காக காலியம், மெக்னீசியம், துத்தநாகம் சேர்ந்த கலவையை எடையற்ற நிலையில் உருக்கி உறைய வைத்து, குவாசி படிகம் (ஒழுங்கு உண்டு, ஆனால் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வராத படிகம்) எப்படி வளர்கிறது என்று பார்ப்பது நோக்கம். ஜனவரி 22ஆம் தேதி கலம் வங்காள விரிகுடாவில் இறங்கியது. அந்தக் கலவை சேராத வகை அல்ல. ஆனால் உலையை மேலே அனுப்பும் காரணம் ஒன்றே. கனமானது அடியில் போவதும், சூடான திரவம் சுழல்வதும் அங்கே இல்லை.

அப்படியானால் சேராதவை அங்கே சீராகப் பரவி நிற்குமா? 1970களில் அலுமினியத்தையும் இண்டியத்தையும் சிறு ராக்கெட்டுகளில் அனுப்பியவர்கள் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். திரும்பி வந்ததில் அலுமினியம் நடுவிலும் இண்டியம் வெளிச்சுற்றிலும் இருந்தன. பூமியில் மேல், கீழ். அங்கே உள், வெளி. இந்த முடிவு என்னை நெடுநேரம் பிடித்து வைத்திருந்தது. பிரிப்பது எடை என்றுதான் நாமும் நினைத்திருப்போம். எடையை எடுத்துவிட்டால் மெல்லிய விசைகள் முன்னே வருகின்றன. இரண்டு திரவங்களில் ஒன்று மூசையின் சுவரை நனைத்துப் பற்றிக்கொள்கிறது. துளியின் ஒரு பக்கம் சற்றுச் சூடாக இருந்தால் அங்கே பரப்பு இழுவிசை குறைகிறது. துளி சூட்டை நோக்கி நீந்துகிறது.

துளி நீந்தும் என்று தெரிந்தபின் அதை வேலைக்கு வைக்கலாம். கீழே இறங்கப் பார்க்கும் கனமான துளிக்கு எதிராக, மேற்பக்கத்தில் சூட்டை வைத்தால் இரண்டு இழுப்பும் ஓரளவு ஈடாகும். அலுமினியத்தில் ஈயமோ பிஸ்மத்தோ சீராகப் பரவியிருந்தால் எந்திரங்களின் பேரிங்குக்கு உதவும். அதற்குத்தான் இத்தனை பாடு. பெரிய துளி வேகமாக விழும், சிறியது மெதுவாக. எனவே எந்த அளவுத் துளிக்குச் சூட்டை அமைப்பது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.