எறும்புக்கு எத்தனை அறிவு?

பூச்சியைக் கையில் எடுத்துக் கற்கும் பாடம் ஓர் அறக்கேள்வியோடுதான் வகுப்பறைக்குள் வருகிறது. ஓர் உயிரைத் தெரிந்துகொள்வதற்காக அந்த உயிரை எதுவரை வருத்தலாம்? கொடைக்கானல் மலையடிவாரத்தில், மஞ்சளாறு அணைக்கு அருகே இருக்கும் கெங்குவார்பட்டி போன்ற ஊரில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. தென்னைக்கும் மாவுக்கும் நடுவே வளரும் பிள்ளைக்குப் பூச்சி ஏற்கெனவே பழக்கம். பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்துக் கொடுக்காப்புளி இலை போடுவதும், தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டுவதும் தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகளின் பழைய விளையாட்டுகள். ஆகவே பூச்சியை அறிமுகம் செய்யும் வேலை பள்ளிக்குப் பெரும்பாலும் இல்லை. அதை எப்படி நடத்துவது என்று காட்டுவதே பள்ளியின் வேலை.

இந்தக் கேள்விக்குத் தமிழ் மரபு புலன்களைக் கணக்கிட்டு விடை தேடியது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. கறையானும் எறும்பும் மூவறிவு. தொடுதல், சுவைத்தல், முகர்தல் மட்டுமே அவற்றுக்கு உண்டு. தும்பிக்குப் பார்வையும் சேர்ந்து நாலறிவு. சமண நூல்களும் ஏறக்குறைய இதே வரிசையைச் சொல்கின்றன. அந்தச் சமணத்தின் தடம் கெங்குவார்பட்டி அடங்கிய தேனி மாவட்டத்திலேயே இருக்கிறது. உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களும், அச்சணந்தி என்ற துறவியின் பெயர் வரும் வட்டெழுத்துக் கல்வெட்டும் உள்ளன. நடக்கும் வழியில் எறும்பு மிதிபடக் கூடாது என்று மயிற்பீலியால் தரையைக் கூட்டிச் சென்றவர்களின் மரபு அது. புலன்கள் கூடக் கூட அந்த உயிரைக் கொல்வதன் பாவமும் கூடும் என்பது அவர்கள் கணக்கு.

இந்தக் கணக்கை ஒரு கைலென்ஸால் சோதிக்கலாம். கட்டெறும்பு ஒன்றைக் கண்ணாடி டம்ளருக்குள் விட்டு, நிழலில் வைத்துப் பார்த்தால், தலையின் இரு பக்கமும் கறுத்த கூட்டுக்கண்கள் தெரியும். எறும்புக்குப் பார்வை உண்டு. வேலைக்காரக் கறையானுக்குப் பெரும்பாலும் கண் இல்லை. அதன் மட்டில் பழைய கணக்கு சரி. சுவர்க்கோழியின் முன்னங்காலில், முட்டிக்குச் சற்றுக் கீழே, காது இருக்கிறது. நாலறிவோடு நிறுத்தப்பட்ட கூட்டத்தில் கேட்கும் உயிரும் இருக்கிறது. 2022-இல் லண்டன் ஆய்வாளர்கள், எந்தப் பரிசும் கிடைக்காதபோதும் வண்டுத்தேனீக்கள் சிறு மரப்பந்துகளைத் திரும்பத் திரும்ப உருட்டியதைப் பதிவு செய்தார்கள். அது விளையாட்டாக இருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. புலன்தான் அளவுகோல் என்றால், லென்ஸ் காட்டும் ஒவ்வொரு கண்ணும் காதும் மனிதரின் கடமையைக் கூட்டுகின்றன. முன்னோர் எண்ணிக்கையில் தவறியதைச் சுட்டிக் காட்டுவதைவிட இதைப் பிள்ளைகள் உணர்வது பெரிய பாடம்.

இந்தியச் சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், விலங்கு என்பதற்கு மனிதர் அல்லாத எந்த உயிரும் என்றே பொருள் தருகிறது. அந்தச் சொல்லுக்குள் பூச்சியும் அடங்கும். புத்தகமும் மாதிரியும் படமும் போதுமான இடத்தில் உயிரை வைத்துச் சோதனை செய்வதைத் தவிர்க்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

ஆனால் படம் மட்டும் போதாது. கறிவேப்பிலைச் செடியிலோ எலுமிச்சையிலோ ஒட்டியிருக்கும் புழு முதலில் பறவை எச்சம் போல இருக்கும். வளர்ந்தபின் இலையின் பச்சைக்கு மாறும். விரலால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற ஓர் உறுப்பை நீட்டும். வகுப்பறை முழுக்க வாடை அடிக்கும். வாயில் துணி கட்டிய பாட்டிலில் தினமும் புதுத் தழை போட்டு எச்சத்தை அகற்றி வந்தால், சில வாரங்களில் கூட்டுப்புழுவிலிருந்து வண்ணத்துப்பூச்சி வெளிவரும். சில சமயம் சிறு குளவிதான் வரும். புழுவுக்குள் குளவி முட்டையிட்டிருந்தது என்று அப்போது பிள்ளைகள் அறிகிறார்கள். அந்த ஏமாற்றத்தையும் பேசி முடிப்பது நல்லது. இயற்கை எல்லா உயிருக்கும் கருணை காட்டுகிறது என்று சொல்லிக்கொடுப்பது பொய்.

குழியானையிடம் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. கொட்டாங்கச்சியில் நைஸ் மணல் போட்டு விட்டால் அது எறும்பைப் பிடிக்கப் புனல் போலக் குழி பறிக்கும். பிள்ளைகள் உடனே ஓர் எறும்பைப் பிடித்து உள்ளே போட விரும்புவார்கள். கொன்றது குழியானையா, போட்ட பிள்ளையா? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே என்பது சமண நிலை. அதன்படி போட்ட கைக்கும், பார்த்து ரசித்த வகுப்புக்கும் பங்கு உண்டு. திண்ணை ஓரத்தில் குழி இருக்கும் இடத்துக்கே பிள்ளைகளை அழைத்துப் போய், தானாக வந்து விழும் எறும்புக்காகக் காத்திருப்பதே சரி. காத்திருப்பதற்கு ஒரு பாடவேளை போதாமல் போகலாம், அதனால் தவறில்லை.

தோட்டத்துக்குப் போனால் இந்த ஒழுங்கு அப்படியே செல்லாது. தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டைக் கம்பியால் குத்தி எடுக்கிறார்கள். ஆமணக்குப் புண்ணாக்கு கரைத்த பானை வைத்துப் பிடிக்கிறார்கள். இல்லறத்தாருக்குச் சமணம் வகுத்த பிரிவில், வேண்டுமென்றே கொல்வது வேறு, பிழைப்புத் தொழிலில் நேரும் கொலை வேறு. பெற்றோர் பூச்சி அடிக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையைக் குற்றவாளியாக நிறுத்துவது அநியாயம். அதே சமயம், மல்பெரி வளர்க்கும் இந்த மாவட்டத்தில், நூல் அறுபடாமல் இருக்கப் பட்டுக்கூட்டின் உள்ளே இருக்கும் புழுவை வெப்பத்தால் கொல்கிறார்கள் என்பதை மறைக்கவும் கூடாது.

தேவையில்லாத கொலை ஒன்றை மட்டும் பள்ளி இன்றே நிறுத்தலாம். ஊசி குத்திய பூச்சி அட்டைகள் மதிப்பெண்ணுக்காகச் செய்யப்படுபவை. பிழைப்பு என்ற சமாதானம் அவற்றுக்கு இல்லை. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகம் 2018 முதல் இருக்கிறது. பதப்படுத்திய பூச்சிகளை அங்கே பார்க்கலாம். ஒவ்வொரு வகுப்பும் புதிதாகக் கொன்று சேர்க்கத் தேவையில்லை.