விட்டிலின் குற்றமா?

சென்ற கார்காலத்தில் நம் சுற்றுவட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், ஜினாலய வாயிலின்மேல் மின்னொளிப் பலகை ஒன்று நிறுவப்பட்டது. அன்பர் ஒருவரின் உபயம். பூசை நேரங்களும் திருவிழாச் செய்திகளும், அவற்றினூடே கொல்லாமையைப் போற்றும் வாசகமும், இரவு முழுவதும் அதில் ஓடிக்கொண்டிருந்தன. நாமும் கண்டு மகிழ்ந்தோம். இரண்டு நாள் மழைக்குப்பின் ஒரு விடியற்காலை தரிசனத்துக்குச் சென்றபோது, வாயிலைக் கூட்டும் அம்மையார் எதையோ முறத்தில் வாரிக்கொண்டிருந்தார். ஈசலும் விட்டிலும் சிறு வண்டுகளும். சில இன்னும் சிறகசைத்துக்கொண்டிருந்தன. "மழ பேஞ்சா தினமும் இப்படித்தாங்க, ரெண்டு மொறம் வரும்" என்றார். அவர் தலைக்குமேல் வாசகம் ஓடிக்கொண்டேயிருந்தது.

இவ்வுயிர்கள் மாண்டதற்கு யார் பொறுப்பு? பலகையை உபயமளித்த அன்பரை நாம் குறை கூற மாட்டோம். அவர் கருதியது அறமே. ஆயினும் கேள்வியைத் தள்ளிவிட இயலவில்லை.

நம் ஆசான்மார் புலனடக்கத்தை விளக்குமிடத்து ஐந்து உயிர்களைக் காட்டுவது வழக்கம். ஊற்றின்பத்தால் யானையும், சுவையால் மீனும், நாற்றத்தால் வண்டும், ஓசையால் மானும், ஒளியால் விட்டிலும் அழிகின்றன என்பர். சிறுவயது முதல் இதனைக் கேட்டு வளர்ந்தமையால், விளக்கில் வீழும் விட்டிலைக் காணுந்தோறும் அதன் ஆசையே அதனைக் கொன்றது என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் 2024 சனவரியில் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' என்னும் அறிவியல் இதழில் வெளியான ஆய்வு வேறொன்றைக் கூறுகின்றது. ஆய்வாளர்கள் விளக்கருகே பறக்கும் பூச்சிகளை அதிவேகக் கேமராக்களால் படமெடுத்து, அவற்றின் உடல் எத்திசை நோக்கித் திரும்புகிறது என்று ஆராய்ந்தனர். பூச்சி விளக்கை நோக்கிப் பாயவில்லை. தன் முதுகை விளக்கின் பக்கம் திருப்பிக்கொள்கிறது! இரவில் மண்ணைவிட வானமே வெளிச்சமானது. வெளிச்சமுள்ள பக்கம் முதுகிருந்தால் தான் நேராகப் பறக்கிறோம் என்பது அவ்வுயிரின் பிறவி அறிவு. அருகே விளக்கொன்று எரியும்போது அதனையே வானமென்று கொண்டு முதுகைத் திருப்ப, பாதை வளைந்து விளக்கையே சுற்றுகிறது. விளக்குக்கு நேர்மேலே பறக்க நேர்ந்தால் தலைகீழாகக் கவிழ்ந்து வீழ்கிறது.

அஃதாவது, விட்டிலுக்கு ஆசை இல்லை. அது வழி தவறுகிறது. ஆசான்மார் மாந்தருக்கு அறிவுறுத்தக் காட்டிய உவமை உவமையளவில் நிற்கட்டும். ஆனால் குற்றம் விட்டிலினுடையது என்று ஆறுதல் கொள்ள இனி நமக்கு இடமில்லை. பொய்யான வானத்தைக் கட்டித் தொங்கவிட்டவர் நாம்.

இக்கேள்வி பூச்சிகளோடு நிற்பதுமன்று. நகரங்களில் ஒளிவிடும் விளம்பரப் பலகைகள் பெருகிவிட்டன. ('டிஜிட்டல் பேனர்' என்று நம்மவர் வழங்குவது அச்சிட்ட துணியை, நாம் குறிப்பது தானே ஒளி உமிழும் பலகையை.) எதிர்வீட்டார் உறக்கம் கெடுகிறதென்று முறையிட்டால், "சன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள்" என்பதே விடையாக வருகிறது. விட்டிலைக் குற்றம் சொன்ன அதே மனப்பாங்கு இது. சுவர் என்னுடையது என்பது மெய்யே. ஆனால் சுவரில் தோன்றும் ஒளி சுவரோடு நிற்பதில்லை.

அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், பிளாக்ஸ்டாப் என்னும் சிறு நகரம் உள்ளது. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள்தொகை 77,000க்கும் சற்றுக் குறைவு. அங்கே 1894இல் லோவல் வானாய்வகம் எழுந்தது. 1930இல் புளூட்டோ கண்டறியப்பட்டது அங்கேதான். வணிகர் தம் கடைக்கு ஆள் சேர்க்க வானை நோக்கிச் சுழலும் தேடுவிளக்குகளை ஏற்றத் தொடங்கியபோது, நகர மன்றம் 1958இல் அவ்விளக்குகளை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாகாதென்று சட்டமியற்றியது. உலகில் இரவு வானைக் காக்க எழுந்த முன்னோடிச் சட்டங்களுள் ஒன்று அது. வானியலார் வேறு மலைக்குப் போகட்டும் என்று அம்மன்றம் சொல்லிவிடவில்லை. 1989இல் விதிகள் மேலும் இறுக்கப்பட்டன: ஓர் ஏக்கர் நிலத்தில் மொத்தம் இவ்வளவு ஒளிதான் உமிழலாம் என்ற வரம்பும், விளக்குகளுக்கு ஒளி மேலெழாதபடி மூடி வேண்டும் என்ற விதியும் வந்தன. 2001இல் உலகின் முதல் 'பன்னாட்டு இருள்வான் நகரம்' என்ற சிறப்பும் அதற்குக் கிட்டியது. அதனால் அவ்வூர் இருண்ட ஊராகிவிடவில்லை. கடைகளும் விடுதிகளும் இரயில் நிலையமும் உள்ள ஊர்தான். ஊருக்குள் நின்றே பால்வீதியைக் காணலாம் என்பதே வேறுபாடு.

ஒளிப்பலகைகள் வந்தபின் சிக்கல் பெரிதாயிற்று. பகலில் சூரியனோடு போட்டியிட்டுத் தெரிய வேண்டிய பலகைக்குப் பல்லாயிரம் நிட் ஒளிர்வு வேண்டும். ஒரு சதுர மீட்டர்ப் பரப்பு ஒரு மெழுகுவர்த்தியளவு ஒளிவிட்டால் ஒரு நிட் என்பர். அதே ஒளிர்வை இரவிலும் விட்டால் கண் கூசும். 2011இல் அரிசோனா மேல்முறையீட்டு மன்றம், நெடுஞ்சாலையோரத்தில் படம் மாறிக்கொண்டேயிருக்கும் பலகைகள் மாநிலச் சட்டத்துக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. பலகை நிறுவனத்தாருக்கு ஆதரவாக மறு ஆண்டு சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை, வானியலாரின் மறுப்பையடுத்து ஆளுநர் திருப்பியனுப்பினார். பின்னர் 2012இலேயே உடன்பாடு ஒன்று எட்டப்பட்டது: வானாய்வகங்கள் உள்ள பகுதிகளில் இத்தகைய பலகைகள் கூடா, ஏனைய இடங்களில் இரவு ஒளிர்வு 300 நிட்டைத் தாண்டலாகாது.

சட்டம் ஏன்? நல்லவர்கள் தாமே அடக்கிக்கொள்ளலாகாதா என்று கேட்கலாம். நாமும் சில நாள் அவ்வாறே எண்ணினோம். விரதம் என்பது தானே மேற்கொள்வது. பிறர் விதித்தால் அதில் பயனென்ன? ஆனால் கடைத்தெருவில் வாழ்ந்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். பக்கத்துக் கடையின் பலகை இருமடங்கு ஒளிர்ந்தால் நம் பலகை மங்கலாகத் தோன்றும். நாம் கூட்டினால் அவர் கூட்டுவார். இதில் எவருக்கும் ஆதாயமில்லை, மின்கட்டணம் தவிர வேறெதுவும் வளர்வதில்லை. தனியொருவர் அடக்கிக்கொண்டால் அவருக்கே இழப்பு. அனைவர்க்கும் ஒரே வரம்பிட்டால் எவருக்கும் இழப்பில்லை. தனி மனிதன் விரும்பியும் காக்க முடியாத நோன்பைச் சட்டம் காக்க இயலுவதாக்குகிறது.

இல்லறத்தாருக்கு நம் ஆகமங்கள் வகுத்த குணவிரதங்களுள் அனர்த்த தண்ட விரதம் ஒன்று. பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரை வாரியிறைத்தல், தீ மூட்டுதல், காற்றைக் கிளர்த்துதல், செடிகொடிகளைக் கிள்ளுதல் ஆகியவற்றை அது விலக்குகிறது. தீயே மூட்டலாகாதென்று அது சொல்லவில்லை. சமைத்துண்டு வாழும் சிராவகனுக்கு அது இயலாது. பயனிலாத தீயையே விலக்கியது. இதை அளவுகோலாகக் கொண்டால் வணிகனின் வயிற்றிலடிக்க வேண்டியதில்லை. திறந்திருக்கும் கடையின் பெயரைக் காட்டும் ஒளி பயனுள்ளது. பூட்டிய கடைமேல் விடியும்வரை எரிவது பயனற்றது. சாலையை நோக்கிச் சாய்ந்த ஒளி வேண்டியது. வானை நோக்கிச் செல்வதைப் படிப்பார் யார்? வெண்ணிறப் பின்னணியில் கரிய எழுத்து பலகை முழுவதையும் எரியவைக்கிறது; கரிய பின்னணியில் வெண்ணெழுத்தாயின் எழுத்து மட்டுமே எரியும், செய்தியும் குறையாது.

நாமோ விளக்கைச் சுற்றும் பூச்சி உணவில் விழுமென்றும் அதனை அறியாது கொல்வோமென்றும் அஞ்சி, கதிரவன் மறையுமுன் உண்டு கைகழுவும் மரபினர். உணவுக்குக் காட்டிய எச்சரிக்கையைத் திருவிழாவுக்குக் காட்டினோமா? தொடர்விளக்கும் வளைவுவிளக்கும் இல்லாத விழா இப்பொழுது நம்மிடம் அரிது. ஆரணி, போளூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து மேற்கே தெரியும் சவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தில், 1986 முதல் 2.34 மீட்டர்த் தொலைநோக்கி இயங்கி வருகிறது. இருண்ட வானை நாடியே அவ்விடத்தைத் தேர்ந்தார்கள். அதன் அடிவானத்து ஊர்களில் நம் ஊர்களும் அடங்கும் என்பதை நாம் நினைத்துப் பார்த்ததில்லை.

முறத்தில் கண்டதை ஆலயக் குழுவில் எடுத்துரைத்தோம். ஆலயம் இருப்பதே தெரியாமற் போகுமென்றார் ஒருவர். பூச்சிக்காகப் பலகையை அணைப்பதென்றால் தெருவிளக்கையும் அணைக்கச் சொல்வீர்களோ என்றார் மற்றொருவர். அக்கேள்விக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. இறுதியில் உபயதாரரே எழுந்து, இரவு எட்டு மணிக்கு நடை சார்த்தும்போது பலகையையும் நிறுத்திவிடலாம் என்றார். ஈசல் எழும் மாலைகளில் அதுவும் போதாது. மழைக்காலம் நான்கு மாதமும் பலகையை அறவே நிறுத்துவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசவிருக்கிறோம்.