குடத்துக்குள் யார் பெயர்?

ஆறு அணிகள், முப்பது மேட்ச், உருப்படியான பந்து ஒன்றே ஒன்று. நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படித்தபோது பழவேற்காடு ஏரிக்கரையில் நாங்களே நடத்திய கால்பந்து லீக்கின் மொத்தச் சொத்து அவ்வளவுதான். அதுவரை எங்கள் பக்கம் ஃபுட்பால் என்றால் பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ வைக்கும் நாக்-அவுட் போட்டி. ஒரு தோல்வி, அன்றைக்கே வீடு. லீக் வைக்கலாம் என்று சொன்னது நான்தான். காரணம் ரொம்ப சொந்தக் காரணம். முந்தைய வருடம் முதல் மேட்சிலேயே நான் அடித்த பெனால்டி கோல் கம்பத்துக்கு மேலே பறந்து ஏரியில் விழுந்தது. ஒரு வருட ஆட்டம் ஒரு உதையில் முடிந்துபோனது அநியாயமாகப் பட்டது.

லீக் என்ற யோசனையே இந்த மாதிரி ஒரு எரிச்சலில் இருந்து பிறந்ததுதான் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1888இல் இங்கிலாந்தில் உலகின் முதல் கால்பந்து லீக்கைத் தொடங்கியவர் வில்லியம் மெக்ரிகர். பர்மிங்காமில் துணிக்கடை வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர். கோப்பைப் போட்டியில் சீக்கிரம் தோற்ற அணிக்கு வருடம் முழுக்க ஆட உறுதியான மேட்ச் இருக்காது, வருமானமும் இருக்காது. பன்னிரண்டு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற பதினொன்றோடு சொந்த ஊரில் ஒன்று, எதிராளி ஊரில் ஒன்று, ஆக 22 ஆட்டம். மழை, மோசமான ரெஃப்ரி, கம்பத்தில் பட்டுத் திரும்பும் பந்து எல்லாம் வரும். ஆனால் இருபத்திரண்டு முறை ஆடும்போது அதிர்ஷ்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சமனாகிவிடும். ஒரு சீசன் என்பது அதிர்ஷ்டத்தைக் கரைப்பதற்காக மனிதன் செய்துவைத்த பாத்திரம்.

எங்கள் அட்டவணையை ஒரு கோடு போட்ட நோட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா எட்டிப் பார்த்தார். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்.

"இன்னாடா இது?"

"லீக்குப்பா. எல்லா டீமும் எல்லா டீமோடயும் ஆடணும். எல்லா கிரவுண்டுலயும் ஆடணும். எவனுக்கும் எப்பவும் நல்ல கிரவுண்டே கிடைச்சிடக் கூடாது."

"அதான் பாடாச்சே. இதுக்கு எதுக்கு காலேஜு?"

சிரித்தேன். அவர் சொன்னது முழுக்கச் சரி.

பாடு என்ற சொல்லுக்குத் தமிழில் உழைப்பு என்றும் பொருள், கஷ்டம் என்றும் பொருள், ஒருவனுக்கு வாய்த்தது என்றும் பொருள். கரையில் "இன்னிக்கு பாடு எப்படி?" என்றால் மீன் எவ்வளவு கிடைத்தது என்று கேட்கிறார்கள். பழவேற்காடு ஏரியில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்துப் பக்கம் இறால் வரும் வழியில் வலை கட்டுகிறவனின் நாளும், உள்ளே தள்ளிக் கட்டுகிறவனின் நாளும் வேறு வேறு. நல்ல இடத்துக்கு முந்தி ஓடினால் அடிதடிதான் மிஞ்சும். ஆகவே சீட்டுப் போட்டு, முறை வைத்து, இடம் மாறி மாறி வலை கட்டுவார்கள். இன்று நல்ல இடம் விழுந்தவனுக்கு நாளை சுமாரான இடம். அதுதான் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய மூன்று ஊர்ப் பட்டினவர்கள் தலைமுறைகளாகக் காப்பாற்றி வந்த முறை. ஏரிகளையும் காடுகளையும் ஊர்க்காரர்களே எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று ஆராய்கிறவர்கள் இதைத் தேடி வந்து எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் லீக் தொடங்கிய அன்று ஆறு சீட்டுகளைச் சுருட்டி ஒரு எவர்சில்வர் சொம்பில் போட்டோம். சீட்டு எழுதியது என் கூட்டாளி. கையெழுத்து அழகாக இருக்கும். எங்கள் அணியின் லெஃப்ட் விங் அவன். மணலில் அவன் ஓடுவதைப் பார்த்தால் மணலுக்கு அவன்மேல் தனிப் பிரியம் இருக்கிறதோ என்று தோன்றும். நான் பார்த்தவர்களில் சிறந்த ஆட்டக்காரன். இதில் நட்புக்காக ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

அவன் பக்கத்துக் குடியிருப்பு. இருளர் குடும்பம். அவன் அம்மா ஏரியில் மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார். பிடித்ததைப் போட பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார். ஏரியின் அடியை விரல் நுனியால் தெரிந்துவைத்திருக்கும் குடும்பம். ஆனால் அவர்கள் பெயர் பாட்டுச் சீட்டில் கிடையாது. பாடு தலைக்கட்டுக்குத்தான். தலைக்கட்டு என்றால் ஊரில், சாதியில், கல்யாணம் ஆன ஆண்.

அந்த வருடம் சீட்டுப் போட்டுத் திரும்பிய அப்பாவிடம் முதலில் ஓடிவந்து "எந்த இடம் விழுந்துச்சு?" என்று கேட்டவன் அவன்தான். நல்ல இடம் என்று தெரிந்ததும் எனக்கு முன்னால் அவன் சந்தோஷப்பட்டான். எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை. அன்று மாலை பிராக்டிஸுக்கு லேட்டாகப் போனோம் என்பதுதான் ஞாபகம்.

*

குடவோலை என்றதும் நமக்கு ஒரு பெருமிதம் வந்துவிடும். உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. முப்பது குடும்புகள். தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்வார்கள். ஓலை போட்ட குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்ட வேண்டும் என்பதுவரை எழுதிவைத்திருக்கிறார்கள். சாஃப்ட்வேர் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அருமையான நடைமுறை. ஏமாற்ற இடமே இல்லை.

ஆனால் அதே கல்வெட்டில் யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்பதும் இருக்கிறது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது வரம்பு உண்டு, வேதம் அறிந்திருக்க வேண்டும். குடத்துக்குள் போனபின் எல்லா ஓலையும் சமம். குடத்துக்குள் போவதற்கு முன்னால்?

நியாயம் என்று நாம் சொல்வதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளே இருப்பவர்களுக்குள் எப்படிப் பங்கிடுவது என்பது ஒன்று. யார் உள்ளே என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்துவிட்டால் இரண்டாவதைக் கேட்கவே தோன்றாது. சீட்டு எவ்வளவு நேர்மையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு வேலி கண்ணில் படாமல் போகும்.

இது எனக்கு உறைத்தது ஸ்காட்லாந்து வழியாக. ஆபீஸில் எங்கள் பிராஜெக்ட்டின் கிளாஸ்கோ டீமில் ஒருவர் ஒவ்வொரு திங்கட்கிழமைக் காலிலும், சனிக்கிழமை ஜூனியர் மேட்ச் பார்த்த கதையைச் சொல்வார். பாதி வாரம் மைதானம் உறைந்து கிடக்கிறது என்று மேட்ச் தள்ளிப்போயிருக்கும். சீசன் முடிவில் பாக்கி மேட்சை எல்லாம் வாரத்துக்கு மூன்று என்று ஆடித் தீர்ப்பார்கள். பையன் ஆடுகிறான் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேட்டேன். சிரித்தார். ஜூனியர் என்றால் சிறுவர்கள் இல்லை. சுரங்க ஊர்களிலும் ஆலை ஊர்களிலும் வேலை முடித்து வந்து ஆடும் வளர்ந்த ஆண்கள். 1886இல் தனிச் சங்கம், தனிக் கோப்பை, தனி லீக். மேலே இருந்த சீனியர் லீக்குகளுக்கு அங்கிருந்து ஏணி கிடையாது. 2007 வரை ஸ்காட்டிஷ் கோப்பையில்கூட இடம் இல்லை.

தங்களுக்குள் அவர்கள் வைத்திருந்தது நியாயமான லீக்தான். சொந்த ஊர், எதிராளி ஊர், புள்ளிப் பட்டியல், எல்லாம் ஒழுங்கு. ஆனால் முதலிடம் வந்தாலும் அந்தக் கூரைக்கு மேலே போக முடியாது. 2019 ஜனவரியில் ஆகின்லெக் டால்பட் என்ற ஜூனியர் அணி, ஒரு சின்ன சுரங்க ஊரின் அணி, இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த ஏர் யுனைடெட்டைக் கோப்பைப் போட்டியில் 1-0 என்று தோற்கடித்தது. திறமை இல்லாததால்தான் கீழே இருக்கிறார்கள் என்ற நம்பிக்கைக்கு விழுந்த அடி அது. மறுவருடம் மேற்குப் பகுதி ஜூனியர் அணிகள் மொத்தமாக ஏணியுள்ள அமைப்புக்குள் வந்துசேர்ந்தன.

அதே 2019இல் நம் ஊரிலும் ஒன்று நடந்தது. மார்ச் 9, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்.சி. ஜெயித்தால் சாம்பியன். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் இன்னொரு மேட்ச் ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாவது நிமிடமே மினர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்சியின் பெனால்டி, பிறகு தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல். 3-1. இருபது ஆட்டத்தில் 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. அந்த அணியில் இருந்த மைக்கேல் ரெஜின் கன்னியாகுமரிக் கடற்கரை மீனவ ஊரில் இருந்து வந்தவர். எனக்குத் தனியாக ஒரு சந்தோஷம்.

சாம்பியன் ஆனால் மேலே போகவில்லை. 2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல். மூடிய லீக். இருபது ஆட்டத்தில் எல்லோரையும் விட நன்றாக ஆடியவனுக்கு அங்கே கதவு இல்லை. 2022-23இல் ஐ-லீக் வென்ற பஞ்சாப் அணிதான் ஆட்டத்தால் வென்று ஐ.எஸ்.எல்லுக்குள் நுழைந்த முதல் அணி. மேலே ஏற வழி வந்தது. கீழே இறங்கும் வழி அப்போதும் வரவில்லை.

*

வேலிக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் அப்பாவுக்குத் துரோகம்.

ஏரி பெரிதாவதில்லை. முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோகும் வருடங்களில் சின்னதாகிறது. சீட்டில் பெயர் கூடக் கூட, ஒருவனுக்கு முறை வரும் நாள் குறையும். எல்லோரும் எல்லா நாளும் வலை போட்டால் ஏரியில் மிச்சம் இருக்காது. பாடு என்ற கட்டுப்பாடு ஏரியையும் காப்பாற்றியிருக்கிறது. மற்ற ஊர்களும் பங்கு கேட்டபோது சண்டையும் பேச்சுவார்த்தையும் வந்ததற்குப் பேராசை மட்டும் காரணம் இல்லை. பயமும் காரணம். ஐ.எஸ்.எல். முதலாளிகள் சொன்னதும் வேறு பாஷையில் இதுதான்: போட்ட பணத்துக்கு உத்தரவாதம் வேண்டும், கீழே இறக்கிவிடாதே.

ஆகவே கதவைத் திற என்று சொல்வது சுலபம். லீக் நமக்குச் சொல்லித்தருவது அதற்கு அடுத்த வரியை. ஒருவன் ஏற வேண்டும் என்றால் ஒருவன் இறங்க வேண்டும். ஸ்காட்லாந்தில் லீக்கின் கடைசி இடத்துக்கு அப்படி ஒரு ஏணி வைத்த பிறகு, 2016இல் ஈஸ்ட் ஸ்டெர்லிங்ஷயர் என்ற பழைய கிளப் அதில் இறங்கிய முதல் அணி ஆனது. எடின்பரோ சிட்டி அந்த இடத்துக்கு ஏறியது. இறங்கியவர்களுக்கு அது துக்க நாள். அந்தத் துக்கம் நடக்கக்கூடிய இடத்தில்தான் நியாயம் முழுசாக இருக்கிறது. உள்ளே இருக்கிறவன் தான் இழக்கக்கூடியது என்ன என்று சொல்லாமல் சமத்துவம் பேசினால், அது வெறும் நல்ல மனசு.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணம் நிச்சயமான சமயம். சோழிங்கநல்லூரில் வேலை, வேளச்சேரியில் வாடகை வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கேட்டார்.

"தலைக்கட்டுல உன் பேரு சொல்லிடட்டுமா?"

"நான் எங்கப்பா வலை போடப் போறேன்?"

"போடாட்டி போவுது. பேரு இருக்கட்டும். நாளைக்கு வேலைன்னு ஒண்ணு இல்லாம போனா?"

ஏரியில் கடைசியாக நான் இறங்கியது அந்தப் பெனால்டிப் பந்தை எடுக்கத்தான். அப்படிப்பட்ட எனக்குச் சீட்டில் ஒரு பெயர் காத்திருந்தது. தினமும் ஏரியில் இறங்குகிற கூட்டாளிக்கு இல்லை. எங்கள் லீக்கில் பத்து மேட்சில் பதினோரு கோல் போட்டவன். நாங்கள் இரண்டாம் இடம் வந்ததே அவனால்தான்.

வேண்டாம் என்றேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது. நான் விட்ட இடம் அவனுக்குப் போகவில்லை. சீட்டில் ஒரு பெயர் குறைவு, மற்றவர்களுக்கு முறை கொஞ்சம் சீக்கிரம் வரும், அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மாதச் சம்பளம் இருந்தது. நான் இழந்தது ஒன்றும் இல்லை. என் பேருக்குப் பதில் அவன் பேரைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் அப்பா ஊரில் நாலு பேர் முன்னால் நிற்க வேண்டியிருந்திருக்கும். எனக்கும் அவருக்கும் அது ஒரு விலை. அதை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நடந்திருக்காது என்று சொல்லலாம். நடக்காது என்பதும் கேட்கவில்லை என்பதும் வேறு வேறு.

போன பொங்கலுக்கு அவனைப் பார்த்தேன். பையன்களுக்குக் கோச்சிங் கொடுக்கிறான், மாலை நேரத்தில், சம்பளம் இல்லாமல். ஏழெட்டுக் குடியிருப்புப் பசங்க. அணி பிரிக்கச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். அதே அழகான கையெழுத்து. ஓரமாக ஒரு சின்னப் பையன் நின்றுகொண்டிருந்தான். புதுசு போல. யாரும் அவனைக் கவனிக்கவில்லை, நானும்தான்.

சொம்பைக் குலுக்கப் போனவன் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தான். "உன் பேரு இன்னாடா?" என்றான். இன்னொரு சீட்டு கிழித்து எழுதி உள்ளே போட்டபிறகுதான் குலுக்கினான். ஓர் அணியில் ஓர் ஆள் அதிகம் ஆகிவிட்டது. ஆட்டம் பாதியில் ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னான். முதலில் யார் வெளியே உட்காருவது என்று கேட்டான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு ஒரு பையன் கையைத் தூக்கினான்.