இசைஞரின் மாற்றமும் சுவைஞரின் முறையீடும்

தாம் போற்றும் இசைஞர் ஒருவர் தம் இசையின் போக்கை மாற்றிக்கொள்ளும்போது சுவைஞர் வருந்துவது இயல்பு. அவ்வருத்தம் சில வேளைகளில் வருத்தம் என்ற அளவில் நில்லாமல் குற்றச்சாட்டாக உருக்கொள்கிறது. ‘முன்போல் இல்லை’ என்பது ஒரு மதிப்பீடு. ‘எங்களைக் கைவிட்டுவிட்டார்’ என்பது ஒரு முறையீடு. முறையீடு என்றால் அதற்கு அடிப்படையாக ஓர் உரிமை இருத்தல் வேண்டும். அவ்வுரிமை உண்டா, உண்டெனில் எங்கிருந்து பிறந்தது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இது சுவை பற்றிய வினாப்போலத் தோன்றினும் உண்மையில் அறம் பற்றியது.

இவ்வினாவை எழுப்புதற்கு வேங்கடத்தின் அடிவாரம் பொருத்தமான இடமாகும். சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில் புத்தூரை அடுத்து வருவது வடமாலபேட்டை. தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வடவெல்லையாகச் சுட்டும் வேங்கடம் இவ்வூர்க்கு அண்மையிலேயே உள்ளது. 1960ஆம் ஆண்டு எல்லைச் சீரமைப்பில் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. வடமாலபேட்டை ஆந்திரத்திலேயே நின்றது. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்தோர் வாழும் இப்பகுதியில் ஒரே மெட்டை இருமொழியிலும் கேட்பது வழக்கம். 1983இல் கே. விசுவநாத் இயக்கத்தில் இளையராசா இசையமைத்த ‘சாகர சங்கமம்’ தெலுங்கில் வேட்டூரியின் பாடல்களோடும், ‘சலங்கை ஒலி’ எனத் தமிழில் வைரமுத்துவின் பாடல்களோடும் வழங்கியது. மூலம் எது, மாற்றம் எது என்னும் வினா இவ்வூரார்க்கு ஏட்டுச் செய்தியன்று. இக்கருத்துக்குப் பின்னர் வருவோம்.

முறையீட்டின் உச்ச வடிவம் ஒன்றை முதலில் நோக்குவோம். 1966 மே 17 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பாப் டிலன் பாடினார். நிகழ்ச்சியின் முற்பகுதியில் தனியே நின்று, கித்தாரும் வாய்இசைக்கருவியுமாகப் பாடியவர், பிற்பகுதியில் ராக் இசைக்குழுவோடும் மின்கித்தாரோடும் மேடையேறினார். அரங்கிலிருந்து ஒருவர் ‘யூதாசு’ என்று கூவினார். இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடனின் பெயர் அது. அந்தக் கூவல் ஒலிப்பதிவிலும் பதிந்துவிட்டது. அப்பதிவு 1998இல் முறைப்படி வெளியிடப்பட்டது. ஓராண்டு முன்னர், 1965 சூலை 25 அன்று, அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவிலும் அவருடைய மின்னிசைக்கு எதிராகக் கூச்சல் எழுந்தது. அது மாற்றத்தின் பொருட்டு எழுந்ததா, ஒலியமைப்பின் கோளாற்றாலும் நிகழ்ச்சியின் சுருக்கத்தாலும் எழுந்ததா என்று இன்றுவரை வழக்காடுகின்றனர். மான்செஸ்டர்க் கூவலில் அத்தகைய ஐயத்திற்கு இடமில்லை.

கருவியை மாற்றியதற்குத் துரோகி என்னும் பட்டமா என்று எள்ளிவிட்டு அப்பால் செல்வது எளிது. ஆனால் அது நேர்மையான ஆய்வாகாது. டிலன் 1963 ஆகத்து 28இல் வாசிங்டனில் நடைபெற்ற குடியுரிமைப் பேரணியில் பாடியவர். அக்காலத்து நாட்டுப்புறப் பாடல் அன்பர்க்கு மின்சாரம் இல்லாத கித்தார் வெறும் கருவியன்று. சந்தை இசைக்கு எதிரான ஒரு நிலைப்பாட்டின் அடையாளம். அதைக் கையிலேந்தியவர் தம்முடன் நிற்கிறார் என்று அவர்கள் கொண்டனர். ஆகவே மின்கித்தார் ஒலித்தபோது அவர்கள் செவியில் விழுந்தது புதிய ஒலி மட்டுமன்று. ஒரு தோழமை முறிந்த ஓசையும் ஆகும். அவர்தம் முறையீட்டில் அறக்கூறு ஒன்று இருந்தது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் தோழமையை அந்தக் கருவியில் ஏற்றிவைத்தவர் யார்? பாடியவர் ஒரு பங்கு; கேட்டவர் பெரும்பங்கு. ஒருவர் தமக்குள் கட்டிக்கொண்ட நம்பிக்கையைப் பிறர் தந்த வாக்குறுதியாகக் கருதுதல் மாந்த இயல்பு. நம் குடும்ப வழக்குகள் பலவும் இதில் பிறப்பனவே.

வாக்குறுதி இல்லையெனில், கட்டணமேனும் உரிமை தருமா? 2017 சூலையில் இலண்டன் வெம்பிளி அரங்கில் ஏ. ஆர். இரகுமான் நடத்திய நிகழ்ச்சியில் தமிழ்ப் பாடல்கள் மிகுந்துவிட்டன என்று இந்திப் பாடல் விழைந்தோர் சிலர் வெளியேறினர். பணத்தைத் திருப்பித் தருமாறும் சிலர் கேட்டனர். நிகழ்ச்சியின் பெயரே ‘நேற்று, இன்று, நாளை’ என்று தமிழில் இருந்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும். நுழைவுச்சீட்டு வாங்கியவர் ஒரு மாலைப்பொழுதை வாங்கினார். இசைஞரின் கடந்த காலத்தை வாங்கவில்லை. அறிவித்ததொன்று, நிகழ்த்தியதொன்று எனின் வழக்குண்டு. எதிர்பார்த்தது வேறு என்பது வழக்காகாது.

இசைஞர்க்கும் சுவைஞர்க்கும் இடையிலான உறவை ஒப்பந்தமாகக் கொள்வதில்தான் பிழை நேர்கிறது. நம் மரபில் இவ்வுறவை எண்ணுதற்கு வேறொரு சொல் உண்டு, அது பரிசில். புறநானூற்றின் 208ஆம் பாடலின் சூழல் அறிஞர் அறிந்ததே. அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாமலே கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுக்கிறார். காணாது தந்ததை வாங்கிக்கொள்ளத் தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்கிறார். தம் தகுதி அறிந்து தருவதாயின் தினையளவும் தமக்கு இனிது என்கிறார். கொடையின் அளவு அங்குச் சிக்கலன்று. கொடுப்பவன் காணாமை சிக்கல்.

இப்பாடலைப் புரவலனுக்கு அறிவுரையாக மட்டுமே நாம் கற்பித்து வருகிறோம். அதனை இருபுறமும் திருப்பிப் படிக்கலாம் என்பது என் கருத்து. பழைய பாட்டையே பாடுக என்று வற்புறுத்தும் சுவைஞர் தம் பாராட்டைக் காணாது அனுப்புகிறார். எதிரே நிற்பவர் இருபது ஆண்டு மூத்த வேறொரு மனிதர் என்பதை அவர் பார்ப்பதில்லை. அவ்வாறே, கேட்கிறார்கள் என்பதற்காகப் பழைய பாட்டை உள்ளம் ஒன்றாமல் ஒப்பிக்கும் இசைஞரும் காணாது கொடுப்பவரே. முன்னதைக் கொடுமை என்போம். பின்னதைப் பணிவு என்று புகழ்ந்துவிடுகிறோம். இரண்டும் வாணிகப் பரிசிலே.

மாற்றத்தை ஆதரிப்போர் வழக்கமாகக் கையாளும் இரண்டு சான்றுகளை இங்கு ஆராய வேண்டும். பழையன கழிவதும் புதியன புகுவதும் வழுவாகா என்னும் நன்னூல் நூற்பா முதலாவது. மேடைதோறும் இதனைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கிறோம். ஆனால் பவணந்தியார் அம்மாற்றத்திற்குக் கூறும் காரணம் காலம். சொல் வழக்கு வீழ்வதற்கு ஒருவரும் ஆணையிடுவதில்லை. அது எவர் பொறுப்பும் அன்று. இசைஞர் தம் ஒலியை மாற்றுவதோ ஒரு தனிமனிதரின் தெரிவு. தெரிவு இருக்குமிடத்தில் பொறுப்பும் இருக்கும். எனவே நன்னூலைக் காட்டி இசைஞரை விடுவிக்க இயலாது. அவர் தம் காரணத்தால்தான் விடுபட வேண்டும்.

மற்றொரு சான்று வரலாற்றைச் சார்ந்தது. இன்று மரபு எனப்படுவது அன்றைய புதுமையே என்பது அது. உண்மைதான். தொன்றுதொட்டு வந்ததெனச் சுவைஞர் காக்கும் கருநாடக இசைக் கச்சேரி முறை, அரியக்குடி இராமானுச அய்யங்கார் (1890–1967) வகுத்து நிலைபெறச் செய்தது; ஒரு நூற்றாண்டு வயதினது. நாகசுரத்தின் கம்பீரம் என நாம் இன்று உணரும் ஒலி, உயர்ந்த சுருதியுடைய திமிரியின் இடத்தில் நீண்ட, தாழ்ந்த சுருதியுடைய பாரி நாகசுரத்தைத் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898–1956) கைக்கொண்டதால் வந்தது. வேங்கடத்தில் இதற்கு இன்னும் கூர்மையான சான்று உண்டு. தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) பாடல்கள் திருமலைக் கோயிற் செப்பேடுகளில் கிடைத்தன. அவற்றில் இராகப் பெயர் உண்டு, சுரக்குறிப்பு இல்லை. இன்று நாம் அன்னமய்யா இசை என்று உருகிக் கேட்பவை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் இராள்ளபள்ளி அனந்தகிருட்டிண சர்மா முதலியோர் அமைத்த மெட்டுகள். எம். எசு. சுப்புலட்சுமியின் குரலில் ஒரு வடிவைக் கேட்டுப் பழகியவர் அதே பாடலை வேறு மெட்டில் கேட்டால் மூலத்தைச் சிதைத்தார்கள் என்று வெகுள்வதுண்டு. எந்த மூலத்தை?

இவையெல்லாம் இருந்தும், இவ்வாதத்தால் சுவைஞரின் வாயை அடைத்துவிடுவது முறையன்று. முன்னைய மாற்றங்கள் நிலைத்தன என்பதால் இப்போதைய மாற்றமும் நன்று என்று ஆகாது. பாரி நாகசுரம் நிலைத்தது. நிலைக்காமற்போன சோதனைகளை நாம் எண்ணுவதில்லை, ஏனெனில் அவை நம் நினைவில் இல்லை. அவற்றைக் கழித்துக்கட்டியவர் சுவைஞரே. பாலக்கொல்லுவில் பிறந்த யூ. சீனிவாசு (1969–2014) மின்மாண்டலினைக் கருநாடக இசை மேடைக்குக் கொணர்ந்தபோது, கமகம் அதில் நிற்குமா என்று ஐயுற்றோரும் தம் கடமையையே செய்தனர். அவர் வாசித்துக் காட்டிய பின் ஐயம் நீங்கியது. ஐயுறுதலும், கேட்டபின் மனம் மாறுதலும் ஒருங்கே அமைந்ததே நல்ல சுவை. கேளாமலே மறுத்தல் பிழை. கேளாமலே கைதட்டலும் அத்துணைப் பிழையே. நம் இதழ்களில் வரும் பாராட்டுரைகள் சில இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

திரையிசைக்கு வருவோம். பெருந்திரளான தமிழர்க்கு ராக் குழுவின் இடத்தில் இருந்தது இதுவே. 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராசா, 1986இல் ‘ஹௌ டு நேம் இட்’ என்னும் கருவியிசைத் தொகுப்பையும், 2005இல் புடாபெஸ்ட் சிம்பொனிக் குழுவின் துணையோடு திருவாசகத்தையும் தந்தார். 2025 மார்ச்சு 8இல் இலண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். இதனிடையே 1992இல் ‘ரோஜா’ வந்தது. அதன் இசையமைப்பாளர் இளையராசாவின் குழுவிலேயே விசைப்பலகை வாசித்தவர். இளமையில் சென்னையில் ராக் குழு அமைத்தவர். அவ்வொலியை ‘எந்திர இசை’ என்று ஒதுக்கியோரை நம்முள் பலர் அறிவோம். இன்றோ ‘ரோஜா’ காலத்து இரகுமான் எங்கே போனார் என்று கேட்கும் தலைமுறைக்கும் நரைத்துவிட்டது.

இங்கு ஒரு முரண் உண்டு. ஒலிப்பதிவு இல்லாத காலத்தில் இசைஞர் மாறினால் பழைய இசை அழிந்தே போகும். அன்றைய சுவைஞரின் இழப்பு முழுமையானது. இந்தியாவில் 1902இல் கௌகர் சான் குரல் பதிவான காலந்தொட்டு நிலைமை வேறு. பழைய பாட்டு ஓரெழுத்தும் மாறாமல் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. இழப்பு குறைந்திருக்க, முறையீடு ஏன் பெருகியது? பாரி மகளிரின் பாடலில் இதற்கு விளக்கம் உண்டு எனலாம். அவர்கள் நோக்கிய திங்கள் அன்றும் இன்றும் ஒன்றே. மாறாத அத்திங்கள்தான் குன்றும் தந்தையும் இல்லாமையை அவர்கட்கு எடுத்துக் காட்டியது. மாறாத ஒலிப்பதிவும் அத்தகையது. பதினேழு வயதில் கேட்ட பாட்டு அப்படியே இருக்கிறது. கேட்ட பதினேழு வயது இல்லை. அவ்வயதைத் திருப்பித் தருமாறு சுவைஞர் இசைஞரிடம் கேட்கிறார். ஏக்கம் என்ற அளவில் இது மதித்தற்குரியது, பாடுதற்கும் உரியது. குற்றச்சாட்டாக மாறும்போது, செய்யாத குற்றத்திற்கு ஒருவரைக் கூண்டில் ஏற்றுவதாகிறது. பாரி மகளிர் திங்களைக் குறை கூறவில்லை.

அவ்வாறாயின் இசைஞர் சுவைஞர்க்கு இழைக்கக்கூடிய தீங்கு ஏதுமில்லையா? உண்டு. மாற்றம் தீங்கன்று, இகழ்ச்சி தீங்கு. வர்ணத்தைக் கச்சேரியின் நடுவே வைத்து விரித்துப் பாடி வரிசையைக் குலைத்த டி. எம். கிருட்டிணா, தம் காரணங்களைப் பேசியும் எழுதியும் முன்வைத்தார். அக்காரணங்களை ஏற்காதோர் பலர். அவருள் சிலர் 2024இல் அவர்க்குச் சங்கீத கலாநிதி விருது அறிவிக்கப்பட்டபோது அகாதெமியின் விழாவிலிருந்தே விலகினர். அவர்தம் எதிர்ப்பில் இசை அளவோடு அரசியலும் கலந்திருந்தது. எப்பக்கம் நிற்பினும் ஒன்றை ஒப்பலாம்: காரணம் கூறுபவர் கேட்பவரை ஒரு பொருட்டாக மதிக்கிறார். ‘உங்களுக்கு விளங்காது’ என்று சொல்லி மாறுபவரே பெருஞ்சித்திரனார் மறுத்த வகையைச் சேர்ந்தவர். சொல்லால் விளக்குதல் கட்டாயமன்று. மான்செஸ்டரில் அந்தக் கூவலுக்குப் பின் குழுவை இன்னும் உரக்க வாசிக்கச் செய்ததும் ஒரு விடைதான். கூவியவரை நேர்நின்று கண்டபின் தந்த விடை அது.

வடமாலபேட்டைக்கு மீள்வோம். ஒரு மெட்டை இருமொழியில் கேட்டு வளர்ந்த செவி, ஒன்றன் உண்மையை நிலைநாட்ட மற்றதைப் பொய்யாக்குவதில்லை. தெலுங்கில் முதலில் கேட்டவர்க்குத் தமிழ் வடிவம் சற்றே விலகி ஒலிக்கும். தமிழில் கேட்டவர்க்குத் தெலுங்கு அவ்வாறு ஒலிக்கும். இருவரும் ஒரே பேருந்தில் புத்தூரிலிருந்து திருப்பதி செல்கின்றனர். பாட்டு எம்மொழியில் ஒலித்தாலும் மற்றவர் தம் மொழியில் வாய்க்குள் முணுமுணுக்கிறார். அவர்களிடம் மூலம் எது என்று கேட்டால், படத்தை நகரியில் பார்த்தோம், திருத்தணியில் பார்த்தோம் என்று திரையரங்கின் ஊரைத்தான் விடையாகச் சொல்வார்கள்.