தாசில்தாருக்கு ஒரு பெயர், சுவாமியாருக்கு ஒரு பெயர்

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் நெடுஞ்சாலையில், திருவள்ளூரைத் தாண்டித் திருத்தணியை எட்டுவதற்கு முன்னால் இருக்கும் எங்கள் கனகம்மாசத்திரத்துப் பக்கத்தில், ஒரே மனிதருக்கு இரண்டு பெயர்கள் இருப்பதை யாரும் பெரிய விசேஷமாகக் கருதுவதில்லை. ரேஷன் கார்டிலும் சாதிச் சான்றிதழிலும் முருகேசன் என்றிருப்பவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அந்தோணி ஆகிவிடுவார். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் செல்வியாக வளர்ந்த பெண்ணுக்கு ஆரோக்கியமேரி என்றொரு பெயர் உண்டென்பதே, கோயிலில் கலியாண ஓலை வாசிக்கும்போதுதான் அவளோடு படித்தவர்களுக்குத் தெரியவரும். இதில் வஞ்சகம் இருப்பதாக அவர்கள் நினைப்பதில்லை. மழைக்குக் குடையும் வெயிலுக்குத் தொப்பியும் எடுப்பதுபோல, தாசில்தாருக்கு ஒரு பெயரையும் சுவாமியாருக்கு ஒரு பெயரையும் வைத்துக்கொண்டு வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள்.

ஆனால் கத்தோலிக்கர் எண்ணும் முறையில் பத்துக் கற்பனைகளுள் எட்டாவது, பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது. அந்தக் கற்பனையை மனப்பாடம் செய்து, பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே முழந்தாளிட்டு வளர்ந்த ஒருவர், விண்ணப்பத்தில் மதம் என்று கேட்டிருக்கும் கட்டத்தில் இந்து என்று நிரப்பும்போது என்ன செய்கிறார் என்ற கேள்வி வெகுகாலமாக என் மனத்தில் கிடந்து உறுத்துகிறது.

பிளஸ் டூ முடிவு வெளிவந்த ஒரு மே மாதத்தில், இ-சேவை மையத்து வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் நின்றிருந்தார்கள். கணினியின் முன் இருந்த பையன் தலை நிமிராமலே, "மதம் இன்னான்னு போடட்டும், அக்கா?" என்று கேட்டான். கழுத்தில் மாதா சுரூபம் கோத்த கயிற்றைச் சேலைத் தலைப்புக்குள் தள்ளியபடியே, "இந்துன்னே போடுப்பா, அவங்கப்பா சர்டிபிகேட்லயும் அப்படித்தான் இருக்குது" என்றாள் அந்த அம்மாள். அந்தப் பெண் மட்டும் திரையையும் தாயின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாய் அப்படிச் சொல்ல நேர்ந்ததற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1950 ஆகஸ்டு 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் பிறப்பித்த உத்தரவின் மூன்றாம் பத்தி, இந்து மதமல்லாத வேறு மதத்தைச் சார்ந்தவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்று விதித்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறக்கப்பட்டது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007இல் பரிந்துரைத்தும் திறக்கப்படவில்லை. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷனும் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமும் தன் பங்குக்குத் தீர்மானம் போட்டது. இடைக்காலத்தில் நம் மாநிலம் கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடரைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் பட்டியல் சாதியினருக்குரிய பதினெட்டு சதவீதத்தில் போட்டியிடுவதும், பல பெரிய சமூகங்களோடு இருபத்தாறரை சதவீதத்தில் முட்டிமோதுவதும் ஒன்றல்ல. ஊராட்சித் தனித்தொகுதியிலோ அவர்கள் வேட்புமனுவே கொடுக்க முடியாது. எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் நிலைமை இன்னும் நெருக்கடி. அங்கே அவர்களுக்கென்று வைத்திருப்பது பிற்பட்டோரில் 'சி' பிரிவு, ஒரே ஒரு சதவீதம். 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேராதிருந்தால் எங்கள் பக்கத்து அந்தோணிகளுக்கும் அதுவே கதியாகியிருக்கும். ம.பொ.சி. எல்லைக்காகப் போராடியபோது இந்தக் கணக்கை யாரும் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. குழந்தையாயிருந்தபோதே ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண்ணொருவர் அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டிருந்தார். உண்மையான விசுவாசமின்றி, சலுகைக்காக மட்டும் ஒரு மதத்தைச் சொல்லிக்கொள்வது அரசியல் சாசனத்தின்மீது இழைக்கப்படும் மோசடி என்று நீதிமன்றம் கடிந்துரைத்து மனுவைத் தள்ளிவிட்டது. சட்டத்தின் எழுத்தை வைத்துப் பார்த்தால் அதைக் குறைகூற இடமில்லை. இருந்தாலும் அந்தத் தீர்ப்புக்கு அடியில் கிடக்கும் அனுமானம் ஒன்று எனக்கு மிகுந்த ஆச்சரியத்தைத் தருகிறது: தலையில் தண்ணீர் வார்த்த க்ஷணத்தில் சாதி கரைந்துபோகிறது என்பது அது. ஞானஸ்நானம் என்ற தேவதிரவிய அனுமானத்தின் சக்தியில் இவ்வளவு திடமான விசுவாசம் எங்கள் பங்குகளிலேயே கிடையாது. வடக்கன்குளத்துக் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவரை இடிப்பதற்கு 1910 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதிவாரியாகப் பிரித்த சுவரை நாடறியும். இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்தில், திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறதென்று ஒப்புக்கொண்டது. 2022 ஆகஸ்டில் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலாக உயர்த்தப்பட்டபோது, முதல் தலித் கர்தினால் என்று பத்திரிகைகளெல்லாம் எழுதின. டில்லியின் அட்டவணைப்படி அப்படியொரு மனிதர் இருப்பதற்கே இடமில்லை.

இந்தச் சங்கடம் திருச்சபைக்குப் புதிதன்று. கி.பி. 250இல் ரோமைச் சக்கரவர்த்தி தேசியு, ஒவ்வொரு குடியும் தேவர்களுக்குப் பலியிட்டு, பலியிட்டதற்கு அத்தாட்சிச் சீட்டு வாங்கவேண்டும் என்று கட்டளையிட்டான். அந்தச் சீட்டுகள் சில எகிப்து மணலிலிருந்து தோண்டியெடுக்கப்பட்டிருக்கின்றன. பெயர், ஊர், பலியிட்டதாக ஒரு வாக்குமூலம், கீழே சாட்சிகளின் கையொப்பம் என்று, பார்த்தால் நம் வருவாய்த்துறைச் சான்றிதழின் மூதாதை போலவே இருக்கும். கிறிஸ்தவர் பலர் பலிபீடத்துப் பக்கமே போகாமல் கைக்கூலி கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிவிட்டார்கள். கொடுமை ஓய்ந்தபின் இவர்களை என்ன செய்வதென்ற வழக்கு கார்த்தேஜ் மேற்றிராணியாரான அர்ச். சிப்பிரியானிடம் வந்தது. அவர் இளகின மனத்தவர் அல்லர். சீட்டு வாங்கியதும் பாவமே என்றார். ஆனாலும், ஆசையோடு ஓடிப்போய்ப் பலியிட்டவனையும், மனைவி மக்களையும் வீட்டாரையும் காப்பாற்றத் தானொருவன் மட்டும் அதிகாரிமுன் போய் நின்றவனையும், சீட்டு மட்டும் வாங்கியவனையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாதென்று வாதாடி, சீட்டு வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்ள வழிசெய்தார். பிற்காலத்தில் அர்ச். அகுஸ்தினார் இவ்வளவுகூட விட்டுக்கொடுக்கவில்லை. விசுவாசத்தை மறைத்துத் திரிந்த பிரிஷில்லியன் கூட்டத்தாரைப் பிடிப்பதற்காகவேனும் பொய் சொல்லலாமா என்று கேட்டவருக்கு, எந்த நன்மையை உத்தேசித்தும் கூடாதென்று 420ஆம் ஆண்டு வாக்கில் தனி நூலே எழுதி அனுப்பினார்.

அகுஸ்தினாரின் கண்டிப்பில் ஒரு கம்பீரம் இருப்பதை மறுப்பதற்கில்லை. இருப்பினும் இந்த வழக்கில் நான் சிப்பிரியான் பக்கம். அதிலும் அவரைவிட ஓரடி முன்னே போய் நிற்கத் துணிகிறேன். தேசியுவின் சீட்டு, செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொன்னது. அந்தத் தாயின் விண்ணப்பத்திலோ மதம் என்ற கட்டத்தில் ஒரு பொய் இருக்கிறது, சாதி என்ற கட்டத்தில் ஒரு மெய் இருக்கிறது. அந்தப் பொய்யைச் சொல்லாவிட்டால் இந்த மெய்யைச் சர்க்கார் காதில் வாங்காது. கிறிஸ்தவள் என்று எழுதியிருந்தால் அவள் மகளைச் சேரித் தெருவிலிருந்து யாரும் வேறு தெருவுக்குக் குடிமாற்றியிருக்கப் போவதில்லை. வாடகை வீடு கேட்டுப் போனால் வாசலில் நிற்கவைத்து ஊரையும் தெருவையும் விசாரிப்பவர்கள் ஞானஸ்நானச் சீட்டைக் காட்டச் சொல்வதும் இல்லை. உண்மை பேசுவதற்கு ஒரு பிள்ளையின் படிப்பையே விலையாகக் கேட்கும் சட்டம், பொய்யில் தனக்குள்ள பங்கை ஏழையின் மனச்சாட்சிமேல் சுமத்திவிட்டுத் தான் நீதிபதியின் ஆசனத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

இப்படிச் சொல்வதில் ஆபத்து உண்டென்பதை அறிவேன். இதே நியாயத்தைச் சொல்லிக்கொண்டு, கார் வைத்திருப்பவர் வருமானச் சான்றிதழில் பொய் எழுதலாம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் உண்டு: பேரை மறைத்து மறைத்துப் பழகிய குடும்பத்தில், இரண்டு தலைமுறைக்குப் பிறகு எது உண்மையான பெயர் என்பதே பிள்ளைகளுக்கு மங்கிவிடுகிறது. சுரூபத்தைத் தலைப்புக்குள் தள்ளிய கை மறுபடி அதை வெளியே எடுக்கக் கூச்சப்படுமோ என்ற பயம் எனக்கு உண்டு. ஆகையால் அந்தத் தாய் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தால் குரு அவளைக் கேட்கட்டும், சிப்பிரியான் கேட்டதுபோல நிதானமாக. அதற்குமுன், இந்தக் கேள்வியை அவள் தலையில் மட்டும் கட்டிவைத்திருப்பது முறையா என்று ஆயர்களும் பங்குக்குருக்களும் தங்களைக் கேட்டுக்கொள்ளட்டும். திருச்சபை தன் கையில் வைத்திருக்கும் கல்லூரி இடங்களிலும், ஆசிரியர் நியமனங்களிலும், பங்குப் பேரவையிலும், கல்லறைத் தோட்டத்திலும் அந்தப் பெண்ணுக்கு ஆரோக்கியமேரி என்ற பெயரிலேயே முதல் மரியாதை கொடுப்பதற்கு எந்த 1950ஆம் ஆண்டு உத்தரவும் குறுக்கே நிற்கவில்லை.